‘எதிர்பாராத மண்’ என்னும் சமாதானம்

நிலத்தடி ரயில் பற்றிய செய்திகளை நாளிதழ்களில் நீங்கள் படித்திருப்பீர்கள். எத்தனை கிலோமீட்டர் நீளம், எத்தனை கோடி ரூபாய்ச் செலவு, சுரங்கம் துளைக்கும் எந்திரத்துக்கு என்ன பெயர், அதை இயக்கி வைத்தவர் யார் என்பவை தவறாமல் இடம் பெறும். எந்த மண்ணில் துளைக்கிறார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. பிறகு ஒரு நாள் சாலை உள்வாங்குகிறது. மறுநாள் செய்தியில்தான் முதன்முறையாக மண் தலைகாட்டுகிறது. ‘எதிர்பாராத விதமாக மண் தளர்ந்திருந்தது’ என்ற ஒரே வரியோடு விவகாரம் முடிந்துவிடுகிறது.

இந்த ஒரு வரியைத்தான் இங்கே உரசிப் பார்க்கப் போகிறோம். அது எப்போது நியாயமான விளக்கம், எப்போது வெறும் சமாதானம்? இதற்கு விடை காண வேண்டுமானால், ஒரு நிலத்தடி ரயில் பாதையின் வடிவத்தை மண் எப்படித் தீர்மானிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரிசி, புளி, கற்கண்டு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் அதன் பெயர் குபேர் அங்காடி. ஊராருக்கு என்றும் பெரிய மார்க்கெட்தான். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையில், மகாத்மா காந்தி சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது. கடல் ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். புதுச்சேரியில் நிலத்தடி ரயில் கிடையாது. ஆனால் நெரிசலான வீதிகள், ஒன்றோடொன்று ஒட்டிய பழைய சுவர்கள், கடலோர மண், ஆழமில்லாத நிலத்தடி நீர் என்று, நிலத்தடி ரயில் கட்டும் பொறியாளரைத் தூங்கவிடாத எல்லாமே அங்கே இருக்கின்றன. ஆகவே கணக்குப் போட்டுப் பார்க்க ஏற்ற இடம்.

முதல் பாடத்தை மளிகைக் கடையிலேயே படித்துவிடலாம். அரிசி மூட்டைக்குள் விரலை நுழைத்து எடுங்கள். விரல் வெளியே வந்ததும் ஓட்டை மூடிக்கொள்கிறது. புளி உருண்டையில் நுழைத்து எடுங்கள். ஓட்டை அப்படியே நிற்கிறது. நேரம் ஆக ஆக மெல்லச் சுருங்குகிறது. கற்கண்டுக் கட்டியில் விரல் நுழையவே நுழையாது. உளி கொண்டு துளையிட்டால் அந்தத் துளை என்றைக்கும் நிற்கும். மணல், களிமண், பாறை ஆகிய மூன்றின் குணமும் ஏறக்குறைய இதுதான்.

பாறையில் சுரங்கம் வெட்டினால் பாறையே கூரையாக நிற்கும். பாதி வேலையை மலை செய்துவிடும்; குதிரை லாட வடிவத்தில் வெட்டி, மேலே கான்கிரீட் தெளித்து, ஆணி அடித்தால் பல இடங்களில் போதும். களிமண் சில மணி நேரமோ சில நாட்களோ பொறுக்கும். அந்த அவகாசத்துக்குள் உள்ளே வளையம் கட்டிவிட வேண்டும். மணல் கணப்பொழுதும் பொறுக்காது. துளைக்கும்போதே முன்னும் பின்னும் தாங்கிப் பிடித்தாக வேண்டும். அதனால்தான் மென்மண்ணில் ஓடும் சுரங்கங்கள் வட்டமாக இருக்கின்றன. நாலாபுறமும் அழுத்தும் மண்ணுக்கும் நீருக்கும் ஈடுகொடுக்க, முட்டை ஓட்டைப் போல வளைந்த வடிவமே சிறந்தது.

இரண்டும் கலந்து வந்தால்தான் பெரிய தொல்லை. புளிக்குள் கற்கண்டு புதைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்திரத்தின் முகப்பில் கீழ்ப்பாதியில் கடும் பாறை, மேல்பாதியில் தளர்ந்த மணல். பாறையை வெட்ட எந்திரம் மெதுவாகத்தான் போக முடியும். அது நின்று நின்று சுழலும்போது மேலே உள்ள மணல் தேவைக்கு மேல் உள்ளே வந்து விழுந்துகொண்டே இருக்கும். வெளியேறிய மண் எவ்வளவோ அவ்வளவு பள்ளம் தரைக்கு அடியில் உருவாகிவிடும். தார்ச்சாலை சிறிது காலம் பாலம்போல் அதை மூடி நிற்கும். பிறகு ஒரு பேருந்து வரும்.

தண்ணீரின் கணக்கு

இரண்டாவது பாடம் தண்ணீர். கடற்கரையில் மணல்வீடு கட்டிய பிள்ளைகளுக்கு இது தெரியும். ஈரமணல் நிற்கும், காய்ந்த மணல் சரியும், அலை வந்து மணலை முழுக்க நனைத்தால் வீடு கரைந்து ஓடும். நீர் நிறைந்த மணல் பார்வைக்கு மண், நடத்தையில் திரவம்.

பெரிய மார்க்கெட்டுக்குக் கீழே நிலத்தடி நீர்மட்டம் 3 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகவும், சுரங்கத்தின் மையம் 18 மீட்டர் ஆழத்தில் அமைவதாகவும் வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். மையத்துக்கு மேலே 15 மீட்டர் உயர நீர் நிற்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு 15 டன் அழுத்தம். எந்திரத்தின் முகப்பு விட்டம் 6.6 மீட்டர் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 34 சதுர மீட்டர். தண்ணீர் மட்டுமே 510 டன் விசையோடு முகப்பைத் தள்ளும். பத்து டன் சுமக்கும் லாரிகள் ஐம்பதின் சரக்கு! மண்ணின் அழுத்தம் இதற்கு மேல் தனி.

இதைத் தாங்கத்தான் இன்றைய எந்திரங்கள் முகப்பில் ஓர் அடைத்த அறையை வைத்திருக்கின்றன. ஒரு வகையில், வெட்டிய மண்ணையே நுரை கலந்து பிசைந்து அந்த அறையில் அழுத்தத்தோடு நிரப்பி, திருகு போன்ற கடத்தியால் அளந்து அளந்து வெளியே எடுப்பார்கள். இன்னொரு வகையில், பென்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்த கூழை அழுத்தத்தோடு நிரப்புவார்கள். களிமண்ணும் வண்டலும் மிகுந்தால் முதல் வகை; நீர் ஓடும் பருமணலும் சரளையும் மிகுந்தால் பெரும்பாலும் இரண்டாம் வகை. எந்திரத்தை வாங்குவதற்கு முன்பே மண் தன் தேர்வைச் செய்துவிடுகிறது.

தண்ணீர் இன்னொரு வேடிக்கையும் செய்யும். சென்னையில் உள்ளது போல 5.8 மீட்டர் உள்விட்டமும் 27.5 சென்டிமீட்டர் கனமும் கொண்ட கான்கிரீட் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு அதன் எடை சுமார் 13 டன். அது இடம்பெயர்க்கும் நீரின் எடையோ ஏறத்தாழ 32 டன். ஆர்க்கிமிடிஸ் சொன்னபடி, இந்தச் சுரங்கம் காலிக் குடத்தைப் போல மிதந்து மேலே வரப் பார்க்கும்! அதை அமுக்கி வைப்பது மேலே உள்ள மண். மூன்று மீட்டர் மண் இருந்தால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் பாதுகாப்புக்காகச் சுரங்கத்தின் விட்டம் அளவுக்காவது மேல்மண் இருக்கட்டும் என்பது பொறியாளர்களின் பொது வழக்கம். நிலையங்கள் ஏன் அவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன, ஏன் அத்தனை படிகள் இறங்குகிறோம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுச்சேரியின் நிலத்தடி நீருக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியின்போது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே ஆழத் துளையிட்டபோது, இறைக்காமலேயே நீர் தானாகப் பொங்கி வந்தது. களிமண் அடுக்குகளுக்குக் கீழே மணற்படுகையில் நீர் அழுத்தத்தோடு சிறைப்பட்டிருந்ததே காரணம். தெற்கே நெய்வேலியிலும் இதே கதைதான். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் அழுத்தத்தில் நீர் நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பிளந்துகொள்ளாமல் இருக்கும். புதுவையில் இன்று எண்ணற்ற ஆழ்துளைக் கிணறுகள் அந்தப் பழைய அழுத்தத்தைக் குறைத்துவிட்டன. கடலோரத்தில் உப்புநீர் உட்புகும் கவலை வந்துவிட்டது. ஆக, நூறாண்டுக்கு முந்தைய துளையின் குறிப்பும் வேண்டும். இன்றைய அளவும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகித்துவிட முடியாது.

மணிக்கூண்டு எவ்வளவு இறங்கும்?

எவ்வளவு கவனமாகத் துளைத்தாலும் வெட்ட வேண்டியதற்குச் சற்று மேலாக மண் உள்ளே வந்தே தீரும். நூற்றில் ஒரு பங்கு கூடுதலாக வருவதாகக் கொண்டால், மீட்டருக்கு மூன்றில் ஒரு கன மீட்டர். அந்த இழப்பு தரையில் ஒரு தொட்டில் போன்ற பள்ளமாகத் தெரியும். இந்தத் தொட்டிலின் வடிவத்தை 1969-இல் ரால்ஃப் பெக் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஓர் எளிய மணி வளைவாகத் தொகுத்துக் காட்டினார். இன்றும் முதல் கணக்கு அந்த வழியில்தான்.

நமது 18 மீட்டர் ஆழச் சுரங்கம் களிமண்ணில் போனால் பள்ளம் சுமார் 54 மீட்டர் அகலத்துக்குப் பரவும். நடுவில் 15 மில்லிமீட்டர் இறங்கும். அதே இழப்பு மணலில் நேர்ந்தால் அகலம் சுமார் 32 மீட்டராகச் சுருங்கி, நடுவில் 25 மில்லிமீட்டர் இறங்கும். பத்து மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். சுவரை விரிசல் விடச் செய்வது இறக்கத்தைவிடச் சரிவுதான். களிமண்ணில் ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் சரிவு, மணலில் 360-இல் ஒன்றாகிவிடுகிறது. மார்க்கெட் மணிக்கூண்டைப் போன்ற உயர்ந்த கட்டடமோ, சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த நூறாண்டுச் சுவரோ, நேராக இறங்கினால் பிழைக்கும், சாய்ந்தால் பிழைக்காது. எந்திரம் ஒன்றே, ஆழம் ஒன்றே, தவறும் ஒன்றே. மண் மாறியதால் தண்டனை மூன்று மடங்காகிறது.

பாரிஸ் கொடுத்த விலை

புதுவையை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் தலைநகரிலிருந்து தொடங்குவோம். பாரிஸ் மெட்ரோவின் முதல் தடம் 1900 ஜூலை 19 அன்று திறக்கப்பட்டது. அதை வகுத்தவர் ஃபுல்ஜான்ஸ் பியான்வெனு. பாதைகள் பெரும்பாலும் தெருக்களுக்கு நேர் கீழே, ஆழமில்லாமல் ஓடின. ஆழப் போனால் என்ன காத்திருக்கிறது என்பது பாரிஸ்காரர்களுக்குத் தெரியும். வீடு கட்டுவதற்காகப் பல நூற்றாண்டுகளாகச் சுண்ணாம்புக் கல்லையும் ஜிப்சத்தையும் தோண்டி எடுத்த பழைய சுரங்கங்கள் நகருக்குக் கீழே கிடந்தன. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் ‘பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்’ என்ற மாவு ஊர்ப் பெயரைப் பெற்றது இந்த ஜிப்சத்தால்தான்.

மோன்மார்த்ர் குன்றின் கீழே ஜிப்சம் தோண்டப்பட்ட மண்ணுக்கும் கீழே இறங்க வேண்டியிருந்ததால் அபெஸ் நிலையம் 36 மீட்டர் ஆழத்துக்குப் போனது. டான்யூப் நிலையத்தைப் பழைய ஜிப்சச் சுரங்கத்தின் மேல் கட்ட நேர்ந்தபோது, அடியில் கெட்டியான மண் கிடைக்கும் வரை தூண்கள் இறக்கப்பட்டன. பூமிக்கு அடியில் ஒரு பாலமே கட்டி அதன் மேல் நிலையத்தை வைத்தார்கள் எனலாம். சேன் ஆற்றைக் கடந்த நான்காம் தடத்தில், 1905 முதல் 1910 வரை, இரும்புப் பேழைகளைக் கரையில் கட்டி, மிதக்கவிட்டு, ஆற்றில் மூழ்கடித்துப் பொருத்தினார்கள். சேன் மிஷேல் அருகே நீர் ஊறிய மண் வழிவிடாதபோது, குழாய்களில் குளிர்ந்த உப்புக் கரைசலைச் செலுத்தி மண்ணையே பனிக்கட்டியாக உறைய வைத்து வெட்டினார்கள்.

இதைப் பாராட்டுவதற்குக் காரணம் துணிச்சல் மட்டுமன்று. ஒரே நகரில், ஒரே ஆட்களின் மேற்பார்வையில், மண் மாறிய இடத்திலெல்லாம் முறையும் மாறியது. ஒரு முறையைத் தேர்ந்துகொண்டு அதற்குள் மண்ணை அடக்கப் பார்க்கவில்லை.

கொல்கத்தாவின் இரண்டு பாடங்கள்

நம் நாட்டின் முதல் நிலத்தடி ரயில் கொல்கத்தாவில் அமைந்தது. 1972 டிசம்பர் 29 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 1984 அக்டோபர் 24 அன்று 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பகுதி ஓடத் தொடங்கியது. டம்டம் முதல் டாலிகஞ்ச் வரையிலான முழுத் தடமும் முடிய 1995 ஆயிற்று. கங்கை கொண்டு வந்து கொட்டிய வண்டலும் களிமண்ணும் அங்கே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கின்றன. நீர்மட்டமோ காலுக்கு அருகில். ஆகவே பெரும்பகுதியை வெட்டி மூடும் முறையில் கட்டினார்கள். தெருவின் இரு பக்கமும் பென்டோனைட் கூழின் துணையோடு ஆழமான கான்கிரீட் சுவர்களை இறக்கி, நடுவில் தோண்டி, பெட்டி கட்டி, மேலே மூடுவது அது. கால்வாயும் ரயில்வே யார்டும் குறுக்கிட்ட ஷியாம்பஜார்–பெல்காச்சியா பகுதியில் மட்டும், அழுத்தக் காற்றின் துணையோடு கவச எந்திரத்தால் துளைத்தார்கள்.

அந்த வேலை ஆண்டுக் கணக்கில் நகரைக் கிழித்துப் போட்டது என்ற வசை அன்று எழுந்தது. தாமதத்துக்குப் பணமும் நிர்வாகமும் காரணம் என்பது சரிதான். ஆனால் முறையைக் குறை சொல்வது நியாயமாகாது. அன்று கையிலிருந்த கருவிகளைக் கொண்டு அந்தச் சேற்றில் அதைவிடப் பாதுகாப்பான வழி இருந்ததாகச் சொல்ல முடியாது. குடிமக்களுக்குத் தொல்லை நேர்ந்தது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்த, முன்கூட்டியே அறிந்த தொல்லை.

அடுத்த தலைமுறைக் கிழக்கு–மேற்குத் தடத்தின் கதை வேறு. 2017-இல் ஹூக்ளி ஆற்றின் அடியில் சுமார் 520 மீட்டர் தூரத்துக்கு இரட்டைச் சுரங்கங்கள் துளைக்கப்பட்டன. எல்லோரும் அஞ்சிய இடம் அது. அசம்பாவிதம் எதுவும் இல்லாமல் முடிந்தது. 2024 மார்ச்சில் அதில் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் 2019 ஆகஸ்ட் 31 அன்று, ஆற்றைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்ட எந்திரம், நகைக் கடைகள் நெருங்கிய பௌபஜாரின் அடியில் ஒரு நீர்தாங்கி மணற்படுகையைக் கிழித்தது. நீரும் மணலும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலே பழைய வீடுகள் விரிசல் விட்டு இடிந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் உடுத்திய துணியோடு வெளியேறினார்கள். 2022-இல் மே மாதமும் அக்டோபர் மாதமும் அதே இடத்தில் மீண்டும் நீர் கசிந்து, மீண்டும் வீடுகள் விரிசல் விட்டன.

ஆறு விட்டுவைத்தது, தெரு விட்டுவைக்கவில்லை. ஏன்? ஆற்றைப் பார்த்துப் பயந்தார்கள். எனவே தயாராகப் போனார்கள். தெருவின் அபாயம் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் முறையை எதிர்பாராதது என்று ஏற்றுக்கொண்டாலும், அதே இடத்தில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நேர்ந்ததற்கு அந்தச் சொல் பொருந்துமா? நீங்களே சொல்லுங்கள்.

சென்னையின் கலவை மண்

கொல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னோக்கின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த கல், கல்லே இல்லாத அந்த ஊருக்குச் சென்னையிலிருந்து போனது. ஹாலண்ட் என்ற புவியியலார் அந்தப் பாறை வகைக்கு சார்னோகைட் என்று பெயரிட்டார். பரங்கிமலையும் பல்லாவரமும் அந்தப் பாறைதான். அது சென்னை நிலத்தடி ரயிலுக்குக் கொடுத்த தொல்லை கொஞ்சமன்று.

சென்னையின் முதல் கட்டத்தில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் பாதையில் சுமார் 24 கிலோமீட்டர் நிலத்தடியில் ஓடுகிறது. 2017 மே 14 அன்று திருமங்கலம்–நேரு பூங்கா பகுதியும், 2018-இல் சென்ட்ரல் வரையிலான பகுதியும், 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரையிலான பகுதியும் திறக்கப்பட்டன. வடக்கே ஆற்று மணலும் களிமண்ணும், தெற்கே சார்னோகைட், இடையில் சிதைந்த பாறையும், முழுசாகச் சிதையாத உருண்டைக் கற்களும். முன்பு சொன்ன புளிக்குள் கற்கண்டு இதுதான். ஒரே எந்திரம் ஒரே ஓட்டத்தில் மணலையும் களியையும் பாறையையும் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டும் பற்கள் தேய்ந்தன. அவற்றை மாற்ற எந்திரம் நிற்க வேண்டியிருந்தது. நின்ற இடத்தில் மண் பொறுமை இழந்தது.

2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் சர்ச் பார்க் அருகே சாலை திடீரென உள்வாங்க, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. பேருந்தில் இருந்தவர்கள் தப்பினார்கள் என்பது நல்வாய்ப்பு. தளர்ந்த மண்ணே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. அது பொய்யன்று, ஆனால் அரைகுறை உண்மை. சென்னையின் மண் கலவையானது என்பது அதற்கு முன்பே வெட்டிய கிலோமீட்டர்கள் ஒவ்வொன்றிலும் தெரிந்த செய்தி. எந்த ஓர் இடத்தில் மண் தளரும் என்று சொல்ல முடியாமல் இருக்கலாம். எங்கோ ஓரிடத்தில் தளரும் என்பது உறுதியாகத் தெரிந்ததுதானே? அப்படியானால் எந்திரம் கடக்கும் நேரத்தில் மேலே பேருந்து ஓடலாமா என்பது மண்ணைப் பற்றிய கேள்வியல்ல. மனிதர்கள் எடுக்கும் முடிவைப் பற்றிய கேள்வி.

சென்னையின் இரண்டாம் கட்ட வேலைக்கு 2022-இல் மாதவரத்தில் முதல் எந்திரம் இறங்கியது. அதன் பெயர் நீலகிரி. பெயர் அழகானது; குறையொன்றும் இல்லை. பெயரைக் கற்ற அளவுக்கு அதன் முன்னால் இருக்கும் மண்ணையும் நாம் கற்கிறோமா என்பதே கேள்வி.

தெரியாததும் பொருட்படுத்தாததும்

‘எதிர்பாராத மண்’ என்ற சொல்லுக்கு ஏறத்தாழ இருநூறு வயது. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் அடியில் மார்க் புருனெல் 1825-இல் சுரங்கம் தொடங்கியபோது, நீலக் களிமண் தொடர்ச்சியாக இருக்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. வெட்டிப் பார்த்தால் நடுநடுவே மணலும் சரளையும். 1827-இலும் 1828-இலும் ஆறு உள்ளே புகுந்தது. இரண்டாம் முறை ஆறு பேர் இறந்தார்கள். ஆற்றடியின் ஓட்டையைக் களிமண் மூட்டைகள் போட்டு அடைத்துக்கொண்டு தொடர்ந்து, 1843-இல் முடித்தார். அன்று துளையிட்டுப் பார்க்கும் கலையே குழந்தைப் பருவத்தில் இருந்தது. அவருக்கு அந்தச் சமாதானம் செல்லும்.

லெனின்கிராடுக்குச் செல்லுமா? அங்கே 1974-இல், மண்மூடிப் போன ஒரு பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கினூடே மெட்ரோ சுரங்கம் வெட்டினார்கள். பள்ளத்தாக்கில் நீர் நிறைந்த மணல் இருப்பது தெரியும்; தெரிந்ததால்தான் அதை உறைய வைத்து வெட்டினார்கள். இருந்தும் மணல் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. திரவ நைட்ரஜன் ஊற்றி மேலும் உறைய வைத்து, 1975 இறுதியில் ரயிலை ஓட்டிவிட்டார்கள். சுரங்கம் கசிந்துகொண்டே இருந்தது. 1995-இல் மூட வேண்டியதாயிற்று. வேறு தடத்தில் புதிய சுரங்கங்கள் வெட்டி 2004-இல்தான் மறுபடி ரயில் ஓடியது. மண் சொன்னதைக் கேட்டும் பொருட்படுத்தாததற்கு ஒன்பது ஆண்டுகள் வடக்குப் பகுதி மக்கள் நடந்தும் பேருந்தேறியும் விலை கொடுத்தார்கள்.

நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று, நிக்கல் நெடுஞ்சாலை அருகே வட்டத் தடத்துக்காக வெட்டிய ஆழமான பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். கடற்களிமண் அங்கே இருந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. விசாரணையில் வெளிவந்தது வேறு: களிமண்ணின் வலிமையைக் கணிப்பொறிக் கணக்கில் உள்ளதைவிட அதிகமாக மதிப்பிடும் முறையைக் கையாண்டிருந்தார்கள், சுவரைத் தாங்கும் இரும்புக் கட்டைகளின் இணைப்பும் பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்தது. மண் ஏமாற்றவில்லை. காகிதத்தில் எழுதிய மண் ஏமாற்றியது. பிறகு அந்த நிலையமே சற்றுத் தள்ளி வேறிடத்தில் கட்டப்பட்டது.

இந்த மூன்றையும் ஒரே சொல்லால் மூடிவிடக் கூடாது. முதலாவது, தெரிந்துகொள்ள வழியில்லாதது. இரண்டாவது, தெரிந்தும் துணிந்தது. மூன்றாவது, தெரிந்ததைத் தவறாகக் கணக்கிட்டது. விபத்துக்குப் பின் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது எந்த வகை?’ என்பதே.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மண்ணை முழுமையாக அறிவது யாராலும் முடியாது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையை 50 மீட்டருக்கு ஒன்றாகப் போட்டால், சுரங்கம் போகும் நிலப்பரப்பில் 42 ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் தொட்டுப் பார்க்கிறோம். அந்தத் துளையிலும், 63.5 கிலோகிராம் எடையை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு, 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணித்தான் மண்ணின் கெட்டித்தன்மையை அறிகிறோம். உலகம் முழுவதும் இன்றும் இதுதான் நடைமுறை. மிச்சமெல்லாம் ஊகம். எனவே பொறியாளரிடம் தீர்க்கதரிசனத்தைக் கேட்பது நியாயமல்ல. ஊகம் தவறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது நியாயம்.

குடிமக்கள் கேட்க வேண்டியவை

‘எதிர்பாராதது’ என்று சொல்ல வேண்டுமானால், என்ன எதிர்பார்த்தோம் என்பது முதலில் எழுத்தில் இருக்க வேண்டும் அல்லவா? சில நாடுகளில் ஒப்பந்தத்தோடு ஓர் அடிப்படை மண் அறிக்கையை இணைக்கிறார்கள். இந்த மண்ணை எதிர்பார்க்கிறோம், இதற்கு மேல் மோசமாக இருந்தால் செலவு திட்ட உரிமையாளருடையது, இதற்குள் இருந்தால் ஒப்பந்தக்காரருடையது என்று அதில் வரையறுக்கிறார்கள். பழியை யார் மீது போடுவது என்ற சண்டைக்கு இடமில்லை. நம் நாட்டில் மண் ஆய்வு அறிக்கைகள் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களோடு பொறியாளர்களைச் சென்றடைகின்றன. அந்தச் சுரங்கத்தின் மேல் குடியிருப்பவரைப் பெரும்பாலும் சென்றடைவதில்லை. இது மாற வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஊரிலோ அருகிலோ சுரங்கம் வெட்டும் செய்தி வந்தால், நீளத்தையும் செலவையும் படித்த பிறகு நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை இடங்களில், எவ்வளவு ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்தார்கள்? நீர்மட்டத்தை மழைக்காலத்திலும் கோடையிலும் அளந்தார்களா? எந்த மண்ணுக்காக இந்த எந்திரம் தேர்ந்தெடுக்கப்பட்டது, வழியில் மண் மாறினால் என்ன ஏற்பாடு? மேலே உள்ள கட்டடங்களின் இறக்கத்தை நாள்தோறும் அளப்பவர் யார், எத்தனை மில்லிமீட்டரில் வேலையை நிறுத்துவார்? நான்குக்கும் விடை இருந்தால் அந்தத் திட்டத்தைத் தாராளமாகப் பாராட்டலாம். விடை இல்லையென்றால், எந்திரத்துக்கு எந்த மலையின் பெயர் வைத்திருந்தாலும் சற்று யோசிக்க வேண்டும்.

மாணவர்கள் இதற்காக நிலத்தடி ரயில் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணறு போடும்போது போய்ப் பாருங்கள். எத்தனை அடியில் நிறம் மாறுகிறது, எங்கே களிமண் பிசுபிசுக்கிறது, எங்கே மணல் வருகிறது, எங்கே நீர் பீறிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பிடி மண்ணை ஒரு பாட்டிலில் வரிசையாக நிரப்பி வைத்து, இடமும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். ஒரு பள்ளியில் இப்படி ஐம்பது பாட்டில்கள் சேர்ந்தால் அந்த ஊரின் நிலத்தடிப் படம் கிடைத்துவிடும். பின்னால் யாராவது வந்து இந்த மண்ணை நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால், அலமாரியைத் திறந்து காட்டலாம்.